பன்னீர்த் திராட்சைக்கு ஒரு சிபாரிசு

கொட்டையில்லாத பச்சைத் திராட்சை வந்த பிறகு பன்னீர்த் திராட்சையை வீடுகளில் யாரும் சீந்துவதில்லை. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் தள்ளுவண்டியில் குவித்து வைத்திருப்பார்கள். கிலோ கணக்கில் அள்ளிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஜூஸ் கடைக்காரர்கள்தான். தோல் தடிப்பு, கடித்தால் கொட்டை, சட்டையில் பட்டால் கறை என்று அதன் மேல் ஆயிரம் புகார். எனக்கு அதுதான் பிடிக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் மோந்து பார்க்காமல் வாயில் வைக்க மாட்டேன் என்று வீட்டில் கேலி உண்டு. இந்தப் பழத்தைப் பிதுக்கி மோந்து பாருங்கள், ரோஜா வாசம் வரும். பிரமை இல்லை. ரோஜாப் பூவில் இருக்கும் ஜெரானியால் என்ற வாசனைப் பொருள் இதன் தோலிலும் இருக்கிறது. கூடவே லினலூல், நெரால். மஸ்கட் வகைத் திராட்சைகளுக்கே உரிய பரம்பரைச் சொத்து அது.

மஸ்கட் ஹாம்பர்க் என்பது இதன் உலகப் பெயர். பிளாக் ஹாம்பர்க் என்ற கறுப்பு ரகத்தையும் அலெக்சாண்ட்ரியா மஸ்கட் என்ற வெள்ளை ரகத்தையும் சேர்த்து, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் டி கிரே பிரபுவின் தோட்டக்காரர் ஸ்னோ என்பவர் உருவாக்கியது. இங்கே ஒரு சிக்கல். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தபோது, 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த பழம் என்று பத்திரிகைகள் எழுதின. கணக்கு உதைக்கிறதே! சேலம், மதுரை ஜில்லாக்களுக்கு மிஷனரிகள் அந்தச் சமயத்தில் திராட்சைக் கொடி கொண்டுவந்ததாகத் தோட்டக்கலைப் புத்தகங்களும் சொல்கின்றன. கொடி அப்போது வந்திருக்கலாம். இந்த ரகம் அதற்கும் பின்னால்தான் வந்து சேர்ந்திருக்கும் என்பது என் கட்சி.

குளிர் நாடுகளில் கொடி இலையுதிர்த்துத் தூங்கிவிடும். வருஷத்துக்கு ஒரே அறுப்பு. கம்பம் பள்ளத்தாக்கில் அதைத் தூங்க விடுவதில்லை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் போனால் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களைப் பார்க்கலாம். கவாத்து செய்து தண்ணீர் விட்டால் ஏறக்குறைய நான்கு மாதத்தில் குலை கைக்கு வரும். ஒரு தோட்டத்தில் அறுப்பு, அடுத்த தோட்டத்தில் கவாத்து என்று மாறி மாறி நடப்பதால் கோயம்பேட்டுக்கு வருஷம் முழுக்க வரத்து உண்டு. எப்போதும் கிடைப்பதால்தான் நமக்கு இளக்காரம். விவசாயிக்கோ வேறு கவலை. பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும். பறித்ததை நிறுத்தி வைத்து விற்கவும் முடியாது. வந்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். அப்படிப்பட்ட சரக்குக்கு ஒயின் ஆலை நல்ல போக்கிடம். தேனி மாவட்டத்திலேயே இப்போது ஒயின் தயாரிப்பு நடக்கிறது.

ஒயின் விஷயத்தில் எனக்கு முதல் வாத்தியார் ஆவடியில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி. வீட்டுக்காரர் ரயில்வே. கிறிஸ்துமஸுக்கு வெகு முன்னாலேயே பீங்கான் ஜாடி வெளியே வந்துவிடும். கழுவித் துணியில் ஈரம் போக உலர்த்திய பழத்தைக் கையாலேயே நசுக்குவார். "மிக்ஸி பக்கம் போகாத தம்பி, கொட்டை உடைஞ்சா கசக்கும்" என்பார். கொட்டையில் இருக்கும் துவர்ப்பு இறங்கிவிடும் என்பதை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, நாலு கிராம்பு. மூடியை இறுக்காமல் வெள்ளைத் துணியால் வாய்க்கட்டு. உள்ளே கிளம்பும் கரியமில வாயு வெளியேற வழி வேண்டுமே. தோலெல்லாம் மேலே மிதந்து தொப்பி மாதிரி நிற்கும். தினமும் மரக்கரண்டியால் அதை அமுக்கி விடுவார். சிவப்பு நிறம் முழுக்கத் தோலில்தான் இருக்கிறது. இப்படி ஊறினால்தான் சாற்றில் இறங்கும். இதற்கு மேல் பக்குவம் சொன்னால் வம்பு. உரிமம் இல்லாமல் வீட்டில் செய்வது 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி இன்றைக்கும் குற்றம்.

ஆலையிலும் அடிப்படை இதேதான். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத ஆல்கஹாலாக மாறும். பழைய வேலையின் ஞாபகமாக, சாற்றின் சர்க்கரை அளவைக் காட்டும் ஒரு கை ரிஃப்ராக்டோமீட்டர் என்னிடம் இருக்கிறது. தள்ளுவண்டிப் பழத்தின் சாறு ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் பெரும்பாலும் 17, 18 சதவீதம் காட்டும். அதிலிருந்து தேறுவது பத்து சதவீதத்தை ஒட்டிய ஒயின். பன்னிரண்டு, பதின்மூன்று வேண்டுமென்றால் சர்க்கரை சேர்க்க வேண்டும், அல்லது கொடியிலேயே நன்றாகக் கனிய விட வேண்டும். சீக்கிரம் பறித்துச் சந்தைக்கு அனுப்பும் அவசரத்தில் இரண்டாவது வழி நடப்பதில்லை.

கெபர்னே சாவினியோன் போன்ற பெரிய இடத்து ஒயினோடு இதை ஒப்பிட்டால் தோற்றுப்போகும். நிறம் வெளிர், துவர்ப்பு குறைவு. பிரான்சில் வென்டூ மலைப் பக்கம் இதே திராட்சைக்கு அரசு அங்கீகாரம் உண்டு, ஆனால் சாப்பிடும் பழமாக. விஷயம் தெரிந்தவர்கள் இதன் வாசத்தைத்தான் நம்பினார்கள். சீனாவின் தியான்ஜினில் 1980இல் ரெமி மார்ட்டின் கூட்டோடு தொடங்கிய டைனஸ்டி ஆலை, தோலை உடனே விலக்கி, இந்தக் கறுப்புப் பழத்திலிருந்து வெள்ளை ஒயின் எடுத்துப் பெயர் வாங்கியது. கலிபோர்னியாவில் க்வேடி ஆலை எலிசியம் என்ற இனிப்பு ஒயினைச் செய்கிறது. நம் ஊரிலோ 'போர்ட்' என்ற பெயரில் சர்க்கரையைக் கொட்டி, ஆல்கஹாலை ஏற்றி, ரோஜா வாசத்தை அமுக்கிவிடுகிறார்கள். இனிப்பு இருக்கட்டும், தப்பில்லை. அளவு வேண்டும். இந்த வாசம் வருஷக்கணக்கில் தங்காது. பத்து வருஷம் படுக்க வைத்துப் பெருமை பேசுகிற ஒயின் இல்லை இது. செய்த வருஷமே, நன்றாகக் குளிரவைத்து, பிளம் கேக்கோடு குடித்துவிட வேண்டும். மட்டன் சுக்கா பக்கம் கொண்டுபோகாதீர்கள், காரம் அதை விழுங்கிவிடும்.

குடிக்காதவர்கள் வீட்டிலும் இந்த வாசத்தைப் பிடிக்கலாம். ஜூஸ் போடும்போது தோலோடு கையால் பிசைந்து, கொதிக்க விடாமல் இளஞ்சூடு காட்டி, ஆறியதும் வடிகட்டுங்கள். ஐஸை டம்ளரில் போடாதீர்கள், ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவையுங்கள். எசென்ஸ் பாட்டில் அலமாரியிலேயே இருக்கட்டும்.