எழுதலாம், எழுதியதைப் படிக்க முடியாது!

தாசேக் கெலுகோர் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போது, அதிலுள்ள எழுத்துகளை வெறும் கோடுகளாக மட்டும் பார்க்க முயன்று பாருங்கள். முடியாது! கண் பட்டதுமே ஊரின் பெயர் மனத்தில் ஒலித்துவிடும். படிக்கக் கற்ற மூளைக்குப் படிக்காமல் இருக்கத் தெரியாது. அந்தத் திறன் ஒரே இரவில் போய்விட்டால்?

கனடா எழுத்தாளர் ஹோவர்ட் எங்கலுக்கு அப்படித்தான் நடந்தது. 2001 ஜூலை 31 காலை நாளிதழை எடுத்தார். எழுத்துகள் தெரிந்தன, ஆனால் ஏதோ தெரியாத மொழிபோல் இருந்தன. தூக்கத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. பேச்சு குறையவில்லை. எழுதவும் முடிந்தது. தாம் எழுதியதைத்தான் படிக்க முடியவில்லை!

பாலம் அறுந்தால்...

இது எப்படி? 1892இல் பிரெஞ்சு மருத்துவர் தெஜரின் இதற்கு விடை கண்டார். 1887இல் இதே நிலைக்கு ஆளான ஒருவர் இறந்தபின், அவருடைய மூளையை அவர் ஆராய்ந்தார்.

நாம் பார்க்கும் காட்சியின் வலப்பாதி மூளையின் இடப்பக்கத்துக்கும், இடப்பாதி வலப்பக்கத்துக்கும் செல்கிறது. சொற்களை அடையாளம் காணும் பகுதியோ பெரும்பாலோருக்கு இடப்பக்கத்தில்தான் உள்ளது. எனவே வலப்பக்கம் வந்த காட்சி, இரு பக்கங்களையும் இணைக்கும் நரம்புப் பாலத்தைக் கடந்து அங்கே போகவேண்டும்.

அந்த நோயாளிக்கு இடப்பக்கப் பார்வைப் பகுதியும் பாலத்தின் பின்முனையும் பழுதடைந்திருந்தன. கண் பார்த்தது, ஆனால் செய்தி சொற்பகுதியைச் சேரவில்லை. எழுதுவதற்கான பகுதிகள் வேறு என்பதால் அவை தப்பின.

இந்தப் பாதிப்பு எந்த மொழியையும் விட்டுவைப்பதில்லை. இந்தியாவில் கன்னடமும் ஆங்கிலமும் அறிந்த ஒருவரின் நிலையை, 1981இல் பிரதிபா காரந்த் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். ஜப்பானியரில் சிலருக்கு ஒலியெழுத்து, சித்திர எழுத்து ஆகிய இரண்டில் ஒன்று மட்டும் அதிகமாகப் பாதிக்கப்படுவதும் உண்டு.

விரல் கற்றுத்தரும் பாடம்

மீள வழி உண்டா? உண்டு. பலர் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிக்கப் பழகுகிறார்கள். சொல் நீளமாக இருந்தால் நேரமும் கூடும். எழுத்தின் வடிவை விரலால் வரைந்து பார்ப்பதும் உதவுகிறது. விஜயதசமியன்று அரிசியில் 'அ' எழுதினோமே, அதே வழிதான்! கண் வழி அடைபட்டாலும், கையின் அசைவு வழியாக எழுத்து மூளைக்குப் போய்ச் சேர்கிறது. எங்கல் தம் நாக்கால் பற்களின் பின்புறம் எழுத்துகளை வரைந்து படித்தார். 2005இல் புதிய நாவலையும் வெளியிட்டார்.

நீங்கள் செய்யவேண்டியது

பக்கவாதம் என்றதும் கை, கால் செயலிழப்பதையே நினைக்கிறோம். ஆனால் நன்றாகப் படித்துவந்த தாத்தா, திடீரென்று "பேப்பர் எழுத்து புரியலையே" என்று சொல்வதும் அதன் அறிகுறியாக இருக்கலாம். கண்ணாடி மாற்றலாம் என்று காத்திருக்காதீர்கள். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றையும் கவனியுங்கள். உடனே 999ஐ அழையுங்கள்.

இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதே மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று. எனவே நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.