தனுஷ்கோடிப் புயல்: வரலாறும் படிப்பினையும்

அரபு மொழியில் காற்றைக் குறிக்கும் 'ரீஹ்' என்பது ஒருமை. 'ரியாஹ்' என்பது பன்மை. திருக்குர்ஆனில் மழையைச் சுமந்துவரும் அருட்காற்று பெரும்பாலும் பன்மையிலும், ஆது சமூகத்தாரை அழித்தது போன்ற வேதனைக் காற்று பெரும்பாலும் ஒருமையிலும் சுட்டப்படுவதை விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். காற்றின் இவ்விரு முகங்களையும் தமிழகக் கடற்கரை மக்கள் நன்கறிவர். ஏரி குளங்களை நிரப்பும் வடகிழக்குப் பருவமே புயல்களின் பருவமுமாகும்.

14ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து மஃபர் கரைக்குக் கப்பலேறிய இப்னு பதூதா, கடுங்காற்றில் சிக்கினார். கரையை நெருங்கிய வேளையில் கப்பல் ஆழமற்ற நீரில் மோதிச் சிதைந்தது. உடன் வந்தோரைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, அவர் இரவு முழுவதும் உடைந்த கப்பலிலேயே தங்கியிருந்தார். அந்த நீர்ப்பரப்பின் கொடுமைக்கு இது பழைய சான்று.

அதன் மிகக் கொடிய வடிவை உலகம் கண்டது 1964 டிசம்பர் 22 நள்ளிரவில். அம்மாதத்தின் நடுவில் தெற்கு அந்தமான் கடலில் தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு, கடும்புயலாக வலுப்பெற்று, இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்து பாக் நீரிணையில் நுழைந்தது. சுமார் 7 மீட்டர் உயரத்துக்கு எழுந்த கடல் தனுஷ்கோடியை மூழ்கடித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில், ஊரை எட்டும் முன்னரே நூற்றுக்கும் மேற்பட்டோருடன் அலைகளுக்கு இரையானது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்பு உத்திரங்கள் கடலில் வீழ்ந்தன; இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அப்பாலம் சீரமைக்கப்பட்டது. எனினும் தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவேயில்லை. சென்னையையும் கொழும்பையும் இணைத்த 'போட் மெயில்' பயணத்தின் துறைமுக நகரம், வாழத் தகுதியற்றதென அறிவிக்கப்பட்டது. இரு நாடுகளிலுமாகச் சுமார் 1,800 பேர் உயிரிழந்ததாக மதிப்பிடப்படுகிறது.

கடல் ஏன் அவ்வளவு உயர்ந்தது? வெதுவெதுப்பான கடலின் நீராவியே புயலுக்கு உணவு. அதன் காற்று நீரைக் கரைநோக்கித் தள்ளுகிறது. ஆழ்கடலில் அந்நீர் கீழிறங்கிப் பரவிவிடும். பாக் நீரிணையோ மிகவும் ஆழமற்றது; கீழே செல்ல இடமில்லாத நீர் மேலே எழுந்து, தாழ்ந்த மணல்திட்டான தனுஷ்கோடியை விழுங்கியது.

பேரழிவு நேரும்போதெல்லாம், மாண்டவர்கள் பாவிகள் என்று தீர்ப்பளிக்கும் நாவுகளும் எழுகின்றன. இது மார்க்கம் கற்பித்த பண்பன்று. கருமேகத்தைக் கண்டால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முகம் கவலையால் மாறும் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆது சமூகத்தாரின் முடிவை நினைத்து அவர்கள் அஞ்சினார்களேயன்றிப் பிறரைச் சுட்டவில்லை. நீரில் மூழ்கி இறக்கும் இறைநம்பிக்கையாளரை ஷஹீத்களின் வரிசையிலும் சேர்த்தார்கள். அவ்வாறிருக்க, அலைக்கு இரையானவர்மீது பழி சுமத்த நமக்கு ஏது உரிமை?

'விதிப்படி நடக்கும்' என வாளாவிருப்பது இன்னொரு பிழை. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியதை அறிந்த கலீஃபா உமர் (ரலி) வழியிலேயே திரும்பினார்கள். இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என அபூ உபைதா (ரலி) வினவியபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக விளக்கினார்கள். புயல் எச்சரிக்கை கேட்டு மேட்டுநிலம் செல்வதும் அத்தகையதே.

1964இல் கரையோரப் புயல் ரேடார்கள் இல்லை. எச்சரிக்கை ஊர்தோறும் சென்றடையும் ஏற்பாடும் போதாது. 2018 நவம்பரில் 'கஜா' நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடக்கும் முன்னர், சுமார் 80,000 பேர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். தென்னந்தோப்புகள் அழிந்தன, உயிரிழப்பும் நேர்ந்தது. ஆயினும் 1964இன் பேரிழப்பு திரும்பவில்லை.

2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கி, ஆழ்வார்பேட்டை முதல் அடையாறு வரை நிழல்மரங்களைச் சாய்த்த புயலின் பெயர் 'வர்தா'. பாகிஸ்தான் வழங்கிய இப்பெயருக்கு ரோஜா என்பது பொருள். பெயரின் மென்மை காற்றுக்கு இல்லை. ஆகவே கடலோர ஊர்களின் ஜமாஅத்துகள் எச்சரிக்கை வரும் நாளில் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியையும் மண்டபத்தையும் எல்லாச் சமயத்தாருக்கும் திறந்து வைத்தல் வேண்டும். துஆவுக்கு உயரும் கரங்கள் அப்பணிக்கும் உயர்வதே முறை.