உங்களுக்குத் தெரியுமா? பெல்ஃபாஸ்ட் ரயிலில் ஏறவும் விசா வேண்டும்

டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்ட் ரயிலில் இரண்டு மணி நேரச் சொச்சம்தான்; வழியில் எல்லைச் சாவடி கிடையாது. ஆனாலும் வட அயர்லாந்து ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்தது. அயர்லாந்துப் படிப்பு விசா அங்கே செல்லாது. இந்திய, இலங்கை மாணவர்களுக்கு பிரிட்டன் விசா தனியாக வேண்டும். இன்னொரு சிக்கல்: டோனிகால் மாவட்டம் அயர்லாந்துக் குடியரசில்தான் இருக்கிறது, ஆனால் டப்ளினிலிருந்து அங்கே போகும் பேருந்து வட அயர்லாந்துக்குள் புகுந்தே செல்கிறது. "யாரும் கேட்பதில்லையே" என்பார்கள். எல்லையில் சாவடி இல்லை என்பதற்காக அனுமதி இருப்பதாக ஆகிவிடாது. திரும்பும் வண்டிகளில் அயர்லாந்துக் காவலர்கள் ஆவணம் கேட்பதுண்டு. பிடிபட்டால் பிற்கால விசா விண்ணப்பங்களும் பாதிக்கப்படலாம். ஒரு நாள் உலாவுக்காக இந்த ஆபத்து எதற்கு? டப்ளினிலிருந்து ஹௌத் கடலோரக் குன்றுப் பாதைக்கு டார்ட் புறநகர் ரயிலில் அரை மணி, கால்வேக்கு ரயிலில் இரண்டரை மணி. மாணவர் லீப் பயண அட்டையோடு முதலில் அங்கே போய்வாருங்கள்.