"நிச்சயமாக அனுப்பலாமா?" என்று கேட்டால் போதுமா?

2023-ல் அரசாங்கம் பேரிடர் எச்சரிக்கை முறையைச் சோதித்துப் பார்த்தபோது, நம்மில் பலரோட போன் திடீர்னு அலறியது ஞாபகம் இருக்கும். பதறிப்போய் எடுத்துப் பார்த்தால், இது சோதனைச் செய்தி, கண்டுகொள்ள வேண்டாம் என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரி இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஹவாய் மக்களுக்கு அதைவிட மோசமாகவே நடந்தது. 2018 ஜனவரி 13, சனிக்கிழமை காலை 8:07. ஹவாயை நோக்கி ஏவுகணை வருகிறது, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், இது ஒத்திகை அல்ல என்று மாநிலம் முழுக்க போன்களில் செய்தி வந்தது. வட கொரியா ஏவுகணைகளைச் சோதித்துக்கொண்டிருந்த காலம் அது. அதனால் ஜனங்க அப்படியே நம்பிட்டாங்க. அது தவறான செய்தி என்ற மறுப்பு அதே போன்களுக்கு வந்து சேர 38 நிமிடம் ஆனது.

முதலில் வெளியான விளக்கம் இதுதான்: பணி மாறும் நேரத்தில் ஒத்திகை நடந்தது, ஊழியர் ஒருவர் மெனுவில் தவறான வரியை அழுத்திவிட்டார். உடனே மென்பொருள் ஆட்கள் எல்லாரும் (நானும் சேர்த்திதான்) "மோசமான டிசைன்" என்று தீர்ப்பு எழுதிவிட்டோம். ஒத்திகையும் நிஜமும் ஒரே பட்டியலில் பக்கத்து பக்கத்தில் இருந்தால் கை தவறத்தானே செய்யும்?

ஆனால் அந்த மாதக் கடைசியில், அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி தன் முதல்கட்ட விசாரணை முடிவுகளை வெளியிட்டது. அதில் இருந்தது வேறு கதை. ஒத்திகைக்காக ஓர் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதன் தொடக்கத்திலும் முடிவிலும் "பயிற்சி, பயிற்சி, பயிற்சி" என்று வருகிறது. நடுவிலோ "இது ஒத்திகை அல்ல" என்ற வாசகமும் வருகிறது! மற்ற ஊழியர்கள் அதை ஒத்திகை என்றே புரிந்துகொண்டார்கள். செய்தியை அனுப்பியவர் மட்டும், "பயிற்சி" என்ற சொல் தன் காதில் விழவில்லை, நிஜத் தாக்குதல் என்றே நம்பினேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். போதாததற்கு, பகல்நேர மேற்பார்வையாளர் அந்த ஒத்திகை இரவுப் பணியாளர்களுக்கானது என்று நினைத்திருந்தார்.

அதாவது, அவர் சொன்னபடி பார்த்தால் கை தவறவே இல்லை. அவர் செய்ய நினைத்ததைத்தான் செய்தார்.

டிசைன் துறையில் டொனால்ட் நார்மன் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். எண்ணம் சரியாக இருந்து கை தவறுவது ஒரு வகை, எண்ணமே தவறாக இருப்பது இன்னொரு வகை. "நிச்சயமாக அனுப்பலாமா?" என்று கேட்கும் பெட்டி முதல் வகையைத்தான் தடுக்கும். இரண்டாவது வகையில் அந்தக் கேள்விக்குப் பயனே இல்லை, ஏன்னா அந்த ஆள் உண்மையிலேயே நிச்சயமாகத்தான் இருக்கிறார்! ஹவாயிலும் அப்படி ஒரு கேள்வி திரையில் வந்தது. "ஆமாம்" என்று அழுத்தினார். சோதனைக்கும் நிஜத்துக்கும் கேள்வியின் வாசகம் ஒன்றேதான்.

அப்போ அந்த எண்ணம் எங்கே தவறாகிறது? இதைக் கேட்பதுதான் தொடர்பியல் துறையின் வேலை. ஷானனின் கோட்பாட்டை விளக்கி 1949-ல் வாரன் வீவர் எழுதியபோது மூன்று அடுக்குகளைச் சொன்னார். குறியீடுகள் பிசகாமல் போய்ச் சேர்ந்தனவா? சொல்ல நினைத்த பொருள் அப்படியே புரிந்ததா? புரிந்தது, எதிர்பார்த்த செயலாக மாறியதா? ஹவாயில் முதல் அடுக்கு பிரமாதமாக வேலை செய்தது, செய்தி லட்சக்கணக்கான பேருக்குப் போய்ச் சேர்ந்தது. கோளாறு இரண்டாவது அடுக்கில். அதுவும் அந்தத் திரையைத் தொடுவதற்கு முன்னாலேயே, ஒரே ஒலிப்பதிவுக்குள் முரணான இரண்டு வாசகங்களாக.

அப்படியானால் ஒத்திகை வாசகத்தை மட்டும் திருத்தினால் போதுமா? போதாது. எவ்வளவு நன்றாக எழுதினாலும் ஒரு நாள் யாராவது ஒருவர் அரைகுறையாகத்தான் கேட்பார். அந்த இடத்தில் திரைதான் கைகொடுக்க வேண்டும். "ஒத்திகை நடக்கிறது" என்று மேலே பெரிதாகக் காட்டலாம். கேள்வியையே "இது ஹவாயில் உள்ள எல்லா போன்களுக்கும் இப்போதே போகும்" என்று மாற்றலாம். பின்னால் அந்த முகமை, இரண்டு பேர் சேர்ந்தால்தான் செய்தி போகும் என்ற விதியைக் கொண்டுவந்தது. இது பார்க்க டிசைன் திருத்தம் மாதிரி இருக்கும், உண்மையில் ஒருவர் தான் புரிந்துகொண்டதை இன்னொருவரிடம் சொல்லிச் சரிபார்க்க வைக்கும் ஏற்பாடு.

அந்த 38 நிமிடமும் இதே கதைதான். தவறு என்று சில நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது, ரத்தும் செய்துவிட்டார்கள். ஆனால் மென்பொருளுக்கு "ரத்து" என்றால் இனிமேல் அனுப்பாதே என்று அர்த்தம். குழந்தைகளோடு குளியலறையில் ஒளிந்திருப்பவருக்குத் தேவை "ஆபத்து இல்லை" என்ற இன்னொரு செய்தி. அப்படி ஒன்று முன்கூட்டியே தயாராக இல்லை.

நானும் இந்தத் தொழிலில் எத்தனையோ "நிச்சயமா?" பெட்டிகள் எழுதியிருக்கிறேன். அதோடு என் பொறுப்பு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பயனர் தப்பு செய்தால், "அதான் கேட்டோமே!" என்று சொல்லிக்கொள்ள அது ஒரு சாக்கு, அவ்வளவுதான். அந்த அறிக்கையைப் படித்த பிறகு பழைய திரைகள் சிலவற்றைத் திரும்ப எடுத்து மாற்றினேன். இப்போது பட்டனில் "சரி" என்று எழுதுவதில்லை, எத்தனை பேருக்கு என்ன போகும் என்று எழுதுகிறேன். புதுத் திரை வரையும்போது இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன்: இவர் நினைத்ததைச் சுலபமாகச் செய்ய முடிகிறதா? இங்கே வந்து சேர்வதற்குள் இவர் என்ன நினைத்துக்கொண்டிருப்பார்?

முதல் கேள்வியை டிசைன் எனக்குக் கற்றுக்கொடுத்தது. இரண்டாவதை நான் கேட்க ஆரம்பித்ததே ரொம்பத் தாமதமாகத்தான். நீங்கள் எழுதிய "நிச்சயமா?" பெட்டி ஏதாவது இருந்தால், ஒருமுறை போய்ப் பாருங்களேன்.