ஈரம் காட்டும் கருவிக்கும் முத்திரை வேண்டும்

முத்திரையிடாத படிக்கல்லைச் சங்கப் பண்டசாலையில் நாம் அனுமதிப்பதில்லை. நூல் வாங்கும் நெசவாளரும் எடையோடு ஈரத்தைக் கவனிக்கிறார். உலர்ந்த பருத்தி நூல் 100 கிலோவுக்கு 8.5 கிலோ ஈரம் என்பது வாணிபத்தில் ஒப்புக்கொண்ட அளவு. அதற்கு மேற்பட்டால் நூலின் விலைக்குத் தண்ணீரை வாங்கியவராவோம். இத்துணை எச்சரிக்கையுடைய நாம், நிலத்தின் ஈரத்தை அளக்கும் கருவியை மட்டும் அப்படியே நம்பிவிடலாமா?

மண்ணில் குத்தியவுடன் எண்ணைக் காட்டும் மின்கருவிகள் தண்ணீரை எடைபோடுவதில்லை. மண்ணின் மின்தன்மையை அளந்து, ஈரத்தைக் கணித்தே சொல்கின்றன. ஆகையால் உப்பும் களியும் மிகுந்த நிலத்தில் அவை உள்ளதைவிட மிகுதியாகக் காட்டக்கூடும். கம்பியைச் சுற்றிக் காற்று புகுந்தால் குறைத்துக் காட்டும். வெடிப்பு விடும் கரிசலில் இது எளிதில் நேரும்.

மெய்யளவு காணும் வழி தராசே. கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் அருகிலேயே, அதே ஆழத்தில், 100 கன செ.மீ. கொள்ளும் உலோக உருளையால் மண்ணை எடுக்க வேண்டும். ஈரம் ஆவியாகாதபடி மூடி, உடனே நிறுக்க வேண்டும். பின்னர் ஆய்வுக்கூட அடுப்பில் 105 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 24 மணி நேரம் உலர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும். வீட்டு அடுப்பு இதற்கு உதவாது. வெப்பம் மிஞ்சினால் மண்ணிலுள்ள மக்கும் கரிகி எடை தவறும்.

ஈரமண் 156 கிராம், உலர்ந்தபின் 130 கிராம் என்று கொள்வோம். போன தண்ணீர் 26 கிராம்; அதாவது 100 கன செ.மீ. மண்ணில் 26 கன செ.மீ. நீர். கருவி 32 என்று காட்டியிருந்தால் பிழை 6. இது சிறிதன்று. 30 செ.மீ. வேராழத்தில் இப்பிழை 18 மி.மீ. நீருக்குச் சமம், ஓர் ஏக்கருக்குச் சுமார் 73,000 லிட்டர். ஈரம் இருப்பதாக நம்பிப் பாய்ச்சலைத் தள்ளிப்போட்டால் பயிர் வாடும். கருவி குறைத்துக் காட்டினாலோ கிணற்று நீர் வீணாகும்.

ஒருமுறை பார்த்தால் போதாது. பாய்ச்சிய மறுநாள் தொடங்கி அடுத்த பாய்ச்சல் வரை, ஈரம் குறையக் குறையப் பலமுறை எடுத்து, இரு அளவுகளையும் வரைபடத் தாளில் குறித்துக் கோடு வரைய வேண்டும். அதுவே அம்மண்ணுக்குரிய திருத்த அட்டவணை. செம்மண்ணுக்கு எழுதியது கரிசலுக்குப் பொருந்தாது.

தனியொருவருக்கு இது சுமை, சங்கத்திற்குச் சுமையன்று. கருவி வாங்கும் தீர்மானத்தோடு, ஊரின் ஒவ்வொரு மண்வகைக்கும் அதைச் சரிபார்க்கும் தீர்மானத்தையும் நிர்வாகக் குழுவினர் சேர்த்தே நிறைவேற்றுவது நலம்.