பரந்தன் ஒஸ்ரினுக்கு ரொறன்ரோவில் என்ன விலை?

பரந்தன் சந்தியில் ஏ9 வீதியை விட்டு ஏ35 கிழக்கே முல்லைத்தீவுக்குப் பிரிகிறது. மேற்கே போகிற வீதி பூநகரி தாண்டி, சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணம் சேர்கிறது. இந்த வீதிகளில் ஓடித் திரிந்த ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் கார்களில் மிஞ்சிய சில இன்னமும் வன்னியிலும் குடாநாட்டிலும் இருக்கின்றன. அவற்றை வாங்கியவர்களின் பிள்ளைகள் வெளிநாட்டில். அப்பாவின் காரை அங்கே எடுப்பிக்கலாமா, எடுத்தால் பிறகொரு நாள் விற்கலாமா என்ற கதை வரும்போது எல்லாரும் கப்பல் கூலியைத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். அதைவிடப் பெரிய கணக்கு ஸ்ரியறிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் கிடக்கிறது.

நம்மவர்கள் போய்க் குடியேறிய நாடுகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். லண்டன், சிட்னி, சிங்கப்பூர், சென்னை எல்லாம் இலங்கையைப் போல வீதியின் இடப்பக்கம் ஓடும் ஊர்கள். ரொறன்ரோ, பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, பேர்லின் வலப்பக்கம் ஓடும் ஊர்கள். உலக மக்களில் மூன்றிலொரு பங்கினர்தான் இடப்பக்க வீதிகளில் வாழ்கிறார்கள். லண்டனில் இறங்கும் ஒஸ்ரின் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய கார். அங்கே அதற்கு வாங்க ஆள் உண்டு. அதே கார் ரொறன்ரோவில் இறங்கினால், ஆசையோடு வந்து பார்ப்பவர்களில் பலர் சாரதிக் கதவைத் திறந்ததும் தயங்குவார்கள்.

ஏன் தயங்குகிறார்கள்? பழக்கமின்மை ஒரு பங்குதான். மீதி கேத்திரகணிதம். ஏ9இல் கிளிநொச்சிப் பக்கம் போகும்போது முன்னால் ஒரு பேருந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்துவதற்கு முன் எதிரே யாராவது வருகிறார்களா என்று பார்க்க வேண்டும். பழைய காரின் அகலம் ஏறத்தாழ 1.6 மீற்றர். வலப்பக்கம் இருக்கும் சாரதியின் கண், காரின் வலது விளிம்பிலிருந்து ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் உள்ளே இருக்கும். ஆகவே பேருந்தின் விளிம்பைத் தாண்டி ஏறக்குறைய அரை மீற்றர் காரை வெளியே விட்டால் வீதி தெரிந்துவிடும். அதே காரைக் கனடாவின் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். இப்போது எட்டிப் பார்க்க வேண்டியது இடப்பக்கமாக. கண்ணோ இடது விளிம்பிலிருந்து 115 சென்ரிமீற்றர் உள்ளே. எதிரே வருவது என்னவென்று சாரதிக்குத் தெரியுமுன் ஒரு மீற்றருக்கு மேல் கார் எதிர்த்திசைப் பாதைக்குள் போய்விடுகிறது. இடைப்பட்ட 70 சென்ரிமீற்றர்தான் விலையைத் தின்கிறது. இப்படிப்பட்ட கார் ஓட்டுபவர்கள் முன்வாகனத்துக்கு நன்றாகப் பின்னால் நிற்பார்கள், ஏனென்றால் தூரம் கூடக் கூடப் பார்வைக்கோணம் விரியும். பக்கத்தில் துணை இருந்தால் கண்ணாகவும் இருப்பது அவர்தான்.

இது வெறும் அச்சமும் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் அரச வாகனக் காப்புறுதி நிறுவனம், யப்பானிலிருந்து வந்த வலப்பக்க ஸ்ரியறிங் வாகனங்களை ஆராய்ந்து 2007இல் ஓர் அறிக்கை தந்தது. சாரதியின் தவறால் நேரும் விபத்துக்கான ஆபத்து அவற்றில் நாற்பது வீதமளவு கூட இருப்பதாக அது கண்டது. கனடாவுக்குள் 15 வயது கடந்த காரை இறக்கத் தடையில்லை, அமெரிக்காவில் அந்த வயது 25. கியூபெக் மாகாணமோ வலப்பக்க ஸ்ரியறிங் என்றால் 25 வயதுக்குக் குறைந்ததைப் பதிவதே இல்லை. 1950களின் ஒஸ்ரினுக்கு இந்த வயதுக் கட்டுகள் ஒன்றுமே இல்லை. சட்டம் விட்டுவிடும், வாங்குபவர்தான் யோசிப்பார்.

முன்விளக்கிலும் ஒரு பக்கச்சார்பு உண்டு. நவீன விளக்கை டிம் பண்ணும்போது ஒளியின் மேல்விளிம்பு நேர்கோடாக இருப்பதில்லை. வீதியோரப் பக்கம் அது ஏறத்தாழ 15 பாகை மேலே ஏறும். நடந்து போகிறவரும் சைக்கிள்காரரும் தெரியட்டும் என்பதற்காக, எதிரே வருபவரின் கண் கூசாதபடி செய்த ஏற்பாடு அது. நம் நாட்டு விளக்கு இடப்பக்கம் ஏறும். அதை வலப்பக்க நாட்டில் எரித்தால் அந்த ஒளி நேரே எதிரே வருபவரின் கண்ணில். ஆனால் இது சுலபமாகத் தீரும் வில்லங்கம். அக்காலக் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஏழு அங்குல வட்ட விளக்கு. அதே அளவில் அந்தந்த நாட்டுக்கான விளக்கு கிடைக்கிறது, கழற்றி மாட்டினால் சரி. கண்ணின் இடத்தைத்தான் மாட்டிக் கழற்ற முடியாது.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு வியப்பான எதிர்ச்சாட்சியையும் வைக்க வேண்டும். பிரான்ஸ் வலப்பக்கம் ஓடும் நாடு. ஆனால் அங்கே பிறந்த புகாற்றி கார்களில் ஸ்ரியறிங் வலப்பக்கம்! இத்தாலியின் லான்சியாவும் 1950களின் முற்பகுதிவரை பெரும்பாலும் அப்படித்தான் செய்தது. மலைப்பாதையில் ஓடுபவருக்கு எதிரே வருபவரைவிடப் பள்ளத்தின் விளிம்புதான் பெரிய கவலை. அதோடு சம்பளத்துக்கு வைத்த சாரதி நடைபாதைப் பக்கம் இறங்கி முதலாளிக்குக் கதவு திறக்கவும் அது வசதி. சுவீடன் இதற்கு மறுதலை. 1967 செப்ரெம்பர் 3 அதிகாலை ஐந்து மணிவரை சுவீடிஷ் வீதிகள் இடப்பக்கம், கார்களோ பெரும்பாலும் இடப்பக்க ஸ்ரியறிங். அன்றைக்கு மாற்றியது வீதியை. கார் ஏற்கெனவே வலப்பக்க வீதிக்கு ஏற்றபடிதான் இருந்தது. அமெரிக்காவில் 1908இல் வந்த ஃபோர்ட் 'ரி' மாதிரி சாரதியை இடப்பக்கம் இருத்தியது. ஒரு கோடிக்கு மேல் விற்ற அந்த ஒரே கார் அங்கே அந்த வழக்கத்தை நிலைப்படுத்த உதவியது.

மியன்மார் 1970இல் வலப்பக்கத்துக்கு மாறியது, கார்கள் மாறவில்லை. யப்பானிலிருந்து வந்த பழைய கார்களும் பேருந்துகளும் பல ஆண்டுகளாக அங்கே ஓடின; பேருந்துக் கதவு இடப்பக்கம் என்பதால் பயணி நடுவீதியில் இறங்கினார். சமோவா 2009 செப்ரெம்பர் 7இல் எதிர்ப்பக்கமாக, வலத்திலிருந்து இடத்துக்கு மாறியது. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, யப்பான் கார்களை மலிவாக இறக்கலாம் என்பதே காரணம். பழைய கார் மலிவாக வர வேண்டும் என்பதற்காக ஒரு நாடே வீதியின் பக்கத்தை மாற்றியது!

பரந்தன் வயற்கரையில் நின்றால் இந்தச் சிக்கலே இல்லாத இரண்டைப் பார்க்கலாம்: உழவியந்திரமும் முச்சக்கர வண்டியும். இரண்டிலும் சாரதி நடுவில். முச்சக்கர வண்டிகளை ஒரே அமைப்பில் இலங்கைக்கும் எகிப்துக்கும் பெருவுக்கும் பஜாஜ் விற்க முடிவதற்கு இதுவும் உதவி. பிரித்தானியக் கார் உற்பத்தியாளரும் இதை உணராமல் இல்லை. மொறிஸ் மைனர் 1000இன் வேகமானியைப் பாருங்கள், சாரதிக்கு முன்னால் இல்லை. டாஷின் நடுவில் இருக்கும். ஒரே பலகையை இரு பக்கத்துக்கும் பாவிக்கும் சிக்கன அமைப்பு அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரித்தானியாவில் ஏற்றுமதி செய்கிற தொழிற்சாலைக்கே உருக்கு முன்னுரிமையில் கிடைத்தது. ஆகவே ஒஸ்ரின் ஏ 40 இடப்பக்க ஸ்ரியறிங்கிலும் ஏராளமாகச் செய்யப்பட்டு அமெரிக்காவுக்குப் போனது.

அந்த இடப்பக்கக் கார்களின் உதிரிகளைத் தேடி நம் காரை மாற்றலாமே என்று கேட்கத் தோன்றும். மாற்றலாம். ஆனால் ஸ்ரியறிங் பெட்டி, அதன் தண்டுகள், பெடல்கள், தடுப்புச் சுவரின் துளைகள் எல்லாம் பக்கம் மாற வேண்டும். சரியாகச் செய்தால் செலவு காரின் விலையை மிஞ்சும், சரியாகச் செய்யாவிட்டால் ஆபத்து. நான் வேண்டாம் என்பேன்.

இந்தக் காருக்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. 1990க்குப் பின் போர்க்கால எரிபொருள் தடையில் பெற்றோல் கிடைக்காத காலத்தில், வடக்கின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோல் விட்டு இன்ஜினைக் கிளப்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பெற்றோல் 35 பாகையை ஒட்டியே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கு 150 பாகையளவு வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் அது துளியாகவே நிற்கும், பற்றாது. இன்னொரு சிக்கல், அழுத்தம் கூடினால் மண்ணெண்ணெய் தானாகவே வெடித்து இன்ஜினைத் தட்டும். ஏ 40இன் அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியது, இன்றைய கார்களில் பத்தைத் தாண்டும். பழைய காரின் மெத்தனம்தான் அன்றைக்கு நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பெர்கியூசன் உழவியந்திரங்களில் ஒருவகையும் பெற்றோலில் கிளம்பி, மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் உழுதது. வன்னியும் குடாநாடும் அதைத் தம் கார்களில் செய்துகாட்டின. அந்தக் காலம் கண்ட காரை வாங்குபவர் எண்ணெயைப் பார்க்க வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இறங்கி எண்ணெயை நீர்த்துப் போகச் செய்யும், தேய்மானம் அங்கிருந்தே தொடங்கும்.

விற்க நினைப்பவர் முதலில் தேட வேண்டியது பதிவுப் புத்தகத்தை. 2009இல் போரின் இறுதியில் ஏ35 வழியே கிழக்கே நகர்ந்த வாகனங்களில் எத்தனையோ திரும்பி வரவில்லை. வந்தவற்றிலும் பலதுக்குப் பத்திரம் இல்லை. அடிச்சட்ட இலக்கத் தகடு இருந்தால் பிரித்தானியாவின் கேய்டனில் உள்ள மோட்டார் நூதனசாலை, பல ஒஸ்ரின், மொறிஸ் கார்களுக்குத் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்று தருகிறது. எந்த நாளில் செய்தது, எந்த நாட்டுக்கு அனுப்பியது என்பது அதில் இருக்கும். 1945 ஜனவரி 1க்கு முன் இலங்கையில் பதிந்த கார் என்றால் அதை வெளியே அனுப்ப ஏற்றுமதி அனுமதிப்பத்திரம் தேவை. அதற்குப் பிறகு பதிந்த ஏ 40க்கு அந்தப் பத்திரம் வேண்டியதில்லை. கொள்வனவாளரைத் தேடும் போது லண்டனிலும் சிட்னியிலும் முதலில் கேளுங்கள், ரொறன்ரோவைப் பிறகு பார்க்கலாம்.