வளையத்துக்குள் ஒரு வில்லை

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ரயில் மஹய்யாவ வழியாகத்தான் செல்கிறது. 1880இல் மாத்தளை வரை வந்த இந்தப் பாதை இன்றும் ஒற்றைப் பாதைதான். போகவும் வரவும் அதே தண்டவாளங்கள். அப்படியிருக்க, எதிரெதிரே இரண்டு ரயில்கள் புறப்பட்டுவிடாமல் காப்பது எது?

மலைநாட்டு ரயில் நிலையங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். நிலைய அதிபர் ஒரு பெரிய வளையத்தை நீட்டுவார். சாரதி கையை வெளியே விட்டு வாங்கிக்கொள்வார். வளையத்தோடு இணைந்த பைக்குள் இருப்பது ஒரு வட்ட வில்லை. அடுத்த நிலையம்வரை செல்ல அதுவே அனுமதி. இரு நிலையங்களிலும் உள்ள வில்லைப் பெட்டிகள் மின்கம்பியால் இணைந்தவை. ஒரு வில்லை வெளியே வந்துவிட்டால், அதைத் திரும்பப் போடும்வரை இரு பெட்டிகளும் மறு வில்லை தராது. 1874இல் இங்கிலாந்தின் நோர்விச் அருகே ரயில்கள் நேருக்கு நேர் மோதிப் பலர் மாண்டபின், எட்வர்ட் டயர் உருவாக்கிய பொறி இது.

பாதுகாப்பு உறுதி, ஆனால் அதற்கு நேரம் செலவாகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரு நிலையங்களுக்கிடையே ஓட 12 நிமிடம், வில்லை மாற்ற 3 நிமிடம் என்றால், மணிக்கு 4 ரயில்கள்தான் போகலாம். நடுவில் ரயில்கள் விலகிச் செல்லப் பக்கப் பாதை ஒன்று அமைத்தால் ஓட்டம் 6 நிமிடமாகும். ஆனால் அந்த 3 நிமிடம் குறையாது. 9 நிமிடத்துக்கு ஒன்று, மணிக்கு 6 ரயில்கள். கைமாற்றும் வேலையைத் தானியங்கி சிக்னல் 1 நிமிடத்தில் முடித்தால் மணிக்கு 8 ஆகிவிடும்.

தானியங்கி சிக்னலுக்கு ரயில் இருக்குமிடம் எப்படித் தெரிகிறது? 1872இல் அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் கண்ட வழி எளிது. தண்டவாளங்களில் சிறு மின்சாரம் ஓடும். ரயில் வந்ததும் சக்கரமும் அச்சும் அதைக் குறுக்கே கடத்திவிடும்; மறுமுனைக்கு மின்சாரம் எட்டாது, சிக்னல் சிவப்பாகும். தண்டவாளம் உடைந்தாலும் பெரும்பாலும் சிவப்புதான்.

மலையைக் குடைந்து இரண்டாம் பாதை போடுவது பெருஞ்செலவு. இருக்கும் பாதை எத்தனை நிமிடம் வெறுமனே காத்துக் கிடக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே முதல் வேலை.